துவைகல் ஓரத்து முசுமுசுக்கை

முசுமுசுக்கையை யாரும் வேலை மெனக்கெட்டு வளர்ப்பதில்லை. வேலியோரத்தில் மழைக்கு முளைக்கும், தரையோடு தரையாகப் படரும், மார்கழி தையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சிவப்புப் பழம் பழுக்கும், பங்குனி வெயிலில் கருகிப்போகும். அடுத்த மழைக்கு மறுபடி வரும். வேண்டியவர்கள் இலையைப் பறித்துக்கொள்வார்கள், வேண்டாதவர்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். அதை விதை போட்டு, தண்ணீர் கட்டி, கத்திரி வெயிலிலும் பச்சை மாறாமல் தரைக்குப் பாய் விரித்த மாதிரி வைத்திருந்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டுவிட்டால் மார்கழி வரைக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. தை பிறந்துவிட்டால் மெஷின் படுத்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் அதுவே அதிகம்.

என் மனைவிக்கு இதற்கு நேர்மாறு. அவளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வேலை. வெளியூர்க்காரர்கள் புஸ்வாணம் என்பார்களே, அதுதான். தீபாவளி முடிந்ததும் ஒன்றரை மாதம்போலக் கம்பெனியைப் பூட்டி வைப்பார்கள். பூஜை போட்டுத் திறந்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் ஓட்டம்தான். ஆக, வருடத்தில் பாதி நாள் நான் வீட்டில் இருப்பேன். அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காட்டுக்குள் ஒரு ஷெட்டில் உட்கார்ந்திருப்பாள். காலையில் தெருமுனைக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும். நான் வாசலில் நின்று டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுப்பேன். எதிர்வீட்டுக்காரர்கள் என்னைப் பொறுப்பான கணவன் என்று சொல்வார்கள்.

முதலில் அவள் வீட்டில் இருந்தபடியே பட்டாசுக்குக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தவள்தான். வெறும் காகிதமும் பசையும். மகள் மதுரையில் நர்ஸிங் சேர்ந்த வருடம் எங்கள் அச்சகத்துக்கு டைரி ஆர்டர் பாதியாகப் படுத்தது. எல்லோரும் போனிலேயே குறித்துக்கொள்கிறார்கள், டைரி யாருக்கு வேண்டும்? "ஒரு சீசன் மட்டும் கம்பெனிக்குப் போயிட்டு வாரேன்" என்றாள் இவள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு சீசன் இன்னும் முடியவில்லை.

இரண்டாவது வருடம் இருமல் வந்தது. சளி இருமல் இல்லை, வறட்டு இருமல். பேச ஆரம்பித்தால் வரும், சிரித்தால் வரும், படுத்தால் வரும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே வேலை என்று கேட்டார். சொன்னோம். "தூசியில இருந்தா இது நிக்காதும்மா" என்று சொல்லி மாத்திரை எழுதினார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாத்திரையை எப்போது சாப்பிடவேண்டும் என்று பேசினோம், வெயிலைப் பற்றிப் பேசினோம். தூசியைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் எடுத்திருக்க வேண்டும்.

அந்தத் தையில் மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்திருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர்களுக்கு ஊருக்கு வெளியே கரிசலில் கொஞ்சம் மானாவாரிப் பருத்தி. வரப்பு முழுக்க முசுமுசுக்கை படர்ந்து, பழம் சிவக்கச் சிவக்கக் கிடந்தது. அக்காதான் சொன்னாள்.

"ஏலே, அவளுக்கு இருமுதுன்னியே, இந்த எலயப் பறிச்சுப் புளுங்கரிசியோட ஆட்டித் தோசை சுட்டுக் குடு. மொளகு சீரகம் போட்டுக்க. நெஞ்சுக்கு நல்லது."

நான் உடனே பழம் பறிக்கக் குனிந்துவிட்டேன். அவள் முடிக்கவில்லை.

"ஆனா அந்த மருந்து வேலைய விட்டாத்தாம்லே தீரும். தும்ப விட்டுட்டு வாலப் புடிச்சிட்டு நிக்காத."

"சரிக்கா, சரிக்கா" என்றேன். மடி நிறையப் பழம் இருந்தது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் வெறும் சரளை. அதனால் ஒரு சாக்கில் கரிசல் மண்ணையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே இதுல?"

"மண்ணு."

"மண்ணுன்னுதான் சொல்வாக. கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க. நம்ம பக்கம் மூடையப் பாத்தாலே வெடிமருந்தோன்னு பயமா இருக்கு."

பிரித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "வீட்டம்மாவுக்கு இருமல், அதுக்குச் செடி வைக்கப் போறேன்" என்று தேவையில்லாமல் விளக்கம் சொன்னேன். பின்சீட்டில் இருந்த ஒரு பெரியம்மா, "இந்தக் காலத்துல எவன் பொண்டாட்டிக்கு மண்ணு சுமக்கான்" என்றாள். வீடு வந்து சேரும் வரைக்கும் அந்தப் பேச்சு எனக்கு இனித்துக்கொண்டே இருந்தது.

பழத்தைப் பிசைந்து சாம்பலில் புரட்டி நிழலில் காய வைத்தேன். மழைக்குக் காத்திருந்து போடச் சொல்லியிருந்தாள் அக்கா. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறவனுக்கு ஒரு வேலை வேண்டும் அல்லவா? அந்த வாரமே சரளையைக் கொத்தி, கரிசலைப் பரப்பி, விதையைத் தூவினேன். முளைக்கக் கொஞ்சம் நாள் எடுத்தது. முதலில் இரண்டு இலை, பிறகு சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி ஓர் இலை, பிறகு நூல் மாதிரி ஒரு கொடி. கொம்பு நட்டால் மேலே ஏறும். நான் நடவில்லை. தரையைப் பிடித்துப் படரட்டும், இந்தச் சரளை கண்ணுக்குத் தெரியாமல் மூடட்டும் என்று விட்டேன். கொடியின் கணு தரையைத் தொடும் இடத்திலெல்லாம் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டேன்.

தண்ணீர்தான் பிரச்சினை. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றுகிறபோது வரும். அதனால் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட யாரும் சும்மா கீழே ஊற்றமாட்டோம். அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு, பாத்திரம் கழுவியது வாழைக்கு, குளித்தது தென்னைக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது துணி அலசுகிற தண்ணீர். துவைகல்லின் அடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் கிழித்து முசுமுசுக்கைக்குத் திருப்பிவிட்டேன்.

அவள் வேலைக்குச் சேலைக்கு மேலே என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். பருத்தித் துணிதான் போடவேண்டும் என்பது கம்பெனியில் கட்டாயம். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது அந்தச் சட்டை சாம்பல் பூத்து மினுமினுக்கும். காது மடலில், புருவத்தில், கழுத்து மடிப்பில் எல்லாம் அந்த மினுமினுப்பு இருக்கும். வந்ததும் முதல் வேலையாகச் சட்டையையும் சேலையையும் வாளியில் முக்கி வைத்துவிட்டுத்தான் குளிப்பாள். வாளித் தண்ணீர் ஈயம் கரைத்த மாதிரி ஆகும். அதைத் துவைகல்லில் கொட்டுவாள். அது என் வாய்க்கால் வழியாக ஓடிச் செடிக்குப் போகும். நான் பக்கத்தில் நின்று கரை உடையாமல் பார்த்துக்கொள்வேன்.

செடி வந்த வரத்தைப் பார்க்கவேண்டும். சித்திரையில் ஊர் முழுக்க வேலியெல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்க, எங்கள் பின்பக்கம் மட்டும் கண்ணை உறுத்துகிற பச்சை. அதிலும் துவைகல் ஓரத்தில் இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை. சுவரோரம் தண்ணீர் சரியாக எட்டாத இடத்தில் சாதாரண முசுமுசுக்கைதான், சின்ன இலை, வெளிர்ப்பச்சை. பக்கத்து வீட்டுத் தங்கச்சி பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்களுக்குக் கைராசி. பேசாம அச்சாபீசை விட்டுட்டு வெவசாயம் பாருங்க" என்றாள். தன் மாமியாரின் இளைப்புக்கு என்று கேட்டாள். துவைகல் ஓரத்திலிருந்து நல்ல இலையாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தேன். கைராசி என்ற சொல்லை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

தினம் காலையில் நானே இலையைக் கழுவி, அரிசியோடு ஆட்டுவேன். முசுமுசுக்கை நன்றாக அரைபடாவிட்டால் தொண்டையில் சொரசொரவென்று நிற்கும். அதனால் கிரைண்டரை ஓடவிட்டு வெண்ணெய் மாதிரி எடுப்பேன். பச்சைப் பசேல் என்று தோசை வரும். அவள் குறை சொல்லாமல் சாப்பிடுவாள். ஒரு நாள் மட்டும், "இன்னைக்கு இட்லி ஊத்தக் கூடாதாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"யாருக்காக விடிஞ்சும் விடியாம இலை பறிச்சிட்டுக் கெடக்கேன்? எனக்கா இருமுது?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். அன்று இன்னும் ஒரு தோசையை அதிகமாகவே வைத்தேன்.

இருமல் குறைந்ததா என்று கேட்டால், குறைந்த மாதிரி இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளிடம் கேட்டால், "இருக்குங்க, பரவாயில்ல" என்பாள். இருக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பரவாயில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு முன்னால் லோடு ஏற்றுகிற அவசரம். ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்தது. எங்கள் அச்சகத்திலும் காலண்டர் வேலை உச்சத்தில் இருந்தது. அவள் இருமுவது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிற மாதிரி கேட்டது எனக்கு. தீபாவளி வந்தது, போனது, கம்பெனியைப் பூட்டினார்கள்.

பூட்டிக் கிடந்த நாட்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. அவளுக்கு இருமல் அடங்கியது. முதல் வாரம் கொஞ்சம் இருந்தது. பிறகு அப்படியே தேய்ந்து நின்றுவிட்டது. இரவில் புரளாமல் தூங்கினாள். பின்வாசல் படியில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து பக்கத்து வீட்டுத் தங்கச்சியோடு ஏதோ பேசிச் சிரித்தாள். முழுச் சிரிப்பையும் சிரித்தாள், இடையில் இருமல் வந்து அறுக்கவில்லை. "தொண்ட தொண்டயா இருக்குங்க இப்பதான்" என்றாள்.

"பாத்தியா, மூலிகைன்னா சும்மாவா" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டாவது காரியம், செடி வெளிறியது. நல்ல ஐப்பசி மழை, கார்த்திகை மழை. அக்கா வீட்டு வரப்பில் கொடி தளதளவென்று கிடக்க, எங்கள் துவைகல் ஓரத்தில் மட்டும் இலை சுருங்கி மஞ்சள் அடித்தது. அதுவரைக்கும் இலை இலையாகத் தள்ளிக்கொண்டிருந்த கொடி நின்று, பூத்து, காய்த்தது. பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட காய்கள் மார்கழிப் பனியில் ஒவ்வொன்றாகச் சிவந்தன. தரை முழுக்கச் சிவப்பு மணி இறைத்த மாதிரி ஆனது. கொண்டைக்குருவிகள் வந்து கொத்தித் தின்றன. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு இலை போச்சே என்றுதான் இருந்தது. சாணி கரைத்து ஊற்றினேன், மண்ணைக் கொத்திவிட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. "மளை பெஞ்சும் இப்பிடி இருக்கே" என்று அவளிடம் புலம்பினேன்.

"கெடக்கட்டும்ங்க. இப்பதான் பாக்க அளகா இருக்கு" என்றாள்.

மார்கழி பாதியில் கம்பெனிக்குப் பூஜை போட்டார்கள். வேன் வந்தது. என் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள், சாயங்காலம் வந்து வாளியில் முக்கினாள். அந்த வாரமே இருமல் திரும்பியது. கொஞ்ச நாளில் துவைகல் ஓரத்துக் கொடியில் கரும்பச்சையாகப் புதுத் தளிர் கிளம்பியது. இரண்டும் என் கண் முன்னால்தான் நடந்தன. இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்கு மனமில்லை. கூட்டினால் விடை வந்துவிடும். செடி தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

தையில் எனக்கு வேலை ஓய்ந்தது. பழம் முடிந்த பழைய கொடிகளை வெட்டிவிட்டால் புதுக்கொடி நன்றாகப் படரும் என்று எல்லாவற்றையும் அரிந்து, துவைகல் பக்கத்துக் கொடியை ஒரு குவியலாகவும் சுவர்ப் பக்கத்துக் கொடியை ஒரு குவியலாகவும் காயப்போட்டேன். அவள் குளிக்க வெந்நீர் போடுவதற்குப் பின்பக்கம் மூன்று கல் வைத்த அடுப்பு ஒன்று உண்டு. ஒரு நாள் சாயங்காலம் அவள் வேனிலிருந்து இறங்கி வந்து படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைப் பற்றவைத்து, துவைகல் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி சருகை எடுத்து உள்ளே திணித்தேன்.

சுர்ர் என்று ஒரு சத்தம். பொடிப்பொடியாகப் பொறி பறந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. என்னடா இது என்று இன்னும் குனிந்து பார்த்தேன்.

அடுத்து நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. நான் இழுபட்டேன். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் இடையில் உள்ள சந்து வழியாகத் தெரு வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடி, என்னைத் தெருவில் தள்ளி, அவளும் பக்கத்தில் விழுந்தாள். என்னைவிட ஒரு சுற்று ஒல்லியான பெண். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றும் வெடிக்கவில்லை. அடுப்பு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு இருமல் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள்.

"அது செடிதாம்லா" என்றேன். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"அங்க இந்தச் சத்தம் கேட்டா திரும்பிப் பாக்கக் கூடாதுங்க" என்றாள். "என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது. செருப்பத் தேடக் கூடாது. எந்திரிச்சமா, வாசல் வழியா ஓடுனமான்னு இருக்கணும். நாங்கல்லாம் கால மடக்கி ஒக்காரவே மாட்டோம்."

அவள் கம்பெனிக்குப் போக ஆரம்பித்து நான்காவது வருடம் அது. எப்படி உட்கார்வாள் என்று நான் அதுவரை கேட்டதில்லை.

அவளே எழுந்து உள்ளே போனாள். குவியலிலிருந்து ஒரு கொடியை எடுத்து முகர்ந்தாள், நுனியைத் தீயில் காட்டினாள். சுர்ர் என்றது. சுவர்ப் பக்கத்துக் கொடி ஒன்றை எடுத்துக் காட்டினாள். அது சாதாரணமாகப் புகைந்து அணைந்தது.

"வெடியுப்பு" என்றாள். "சட்ட அலசுன தண்ணி. மருந்துல சேக்குற உப்பு, செடிக்கு ஒரம் மாதிரி."

பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கேலியாக ஒன்று சொன்னாள். "எல்லாரும் வெளிய கொளுத்துறதத்தான் நீங்க தோசையில போட்டுக் குடுத்திருக்கீக."

நான் போய்த் துவைகல்லிலேயே உட்கார்ந்தேன். ஷெட்டிலிருந்து அவள் உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்ததை அவள் கழுவிக் கழுவி விட்டிருக்கிறாள். நான் அதை வாய்க்கால் வெட்டிச் செடியில் சேர்த்து, கொழுத்த இலையாகப் பொறுக்கி, வெண்ணெய் மாதிரி ஆட்டி, திரும்ப அவள் வாயிலேயே வைத்திருக்கிறேன். அவள் வேண்டாம் என்ற நாளில் அதட்டி ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் கொடுத்திருக்கிறேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியன்கூட இல்லை.

ஆனால் அதைவிட மோசமான ஒன்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. இலை வழியாக எவ்வளவு போயிருக்கும்? கொஞ்சம் போயிருக்கலாம், ஒன்றும் போகாமலும் இருந்திருக்கலாம். அந்த ஷெட்டில் ஒரு நாள் முழுக்க அவள் மூக்கு வழியாகப் போவதை வைத்துப் பார்த்தால் இந்த இலை ஒன்றுமே இல்லை. அக்கா அதைத்தான் சொன்னாள், டாக்டரம்மா அதைத்தான் சொன்னார். கம்பெனி பூட்டிக் கிடந்த நாட்களில் அவள் தொண்டையே அதைச் சொன்னது. நான்தான் பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகாதே என்று சொல்லத் துணிச்சல் இல்லாதவன் செடி வளர்த்திருக்கிறேன். அந்தச் செடி பச்சையாக இருந்ததால் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

மறுநாள் அவள் வேனுக்குப் போனதும் மண்வெட்டியை எடுத்தேன். துவைகல் ஓரம் முழுக்க வேரோடு பிடுங்கினேன். கரிசலை அரையடி ஆழத்துக்கு வெட்டியெடுத்துச் சாக்கில் கட்டினேன். வாய்க்காலை மூடி மிதித்தேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் போய், இனிமேல் அந்த இலையைப் பறிக்க வேண்டாம், அதில் வெடியுப்பு ஊறியிருக்கிறது என்று சொன்னேன். அவள், "எங்கத்தை கல்லத் தின்னாலும் செரிக்கும், நீங்க வெசனப்படாதீங்கண்ணே" என்று சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் மனைவி வந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தவள் நின்றாள். துவைகல்லைச் சுற்றி மொட்டையாகக் கிடந்தது.

"எல்லாத்தையுமா புடுங்குனீக?"

"இனிமே அந்தத் தண்ணி செடிப் பக்கமே வரக் கூடாது. சாக்கடையில ஊத்திரு. அது ஆகாது" என்றேன். ரொம்ப உறுதியாகத்தான் சொன்னேன். ஒரு நாள் முழுக்க வெட்டிய களைப்பும் வீரமும் குரலில் இருந்தன.

அவள் வாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் கோபம் எனக்கு எப்போதும் கைவசம் உண்டு.

"செடிக்கு ஆகாதுன்னு ஒரே நாள்ல முடிவு பண்ணிட்டீக" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள். மேல் பொத்தான், அடுத்தது, அடுத்தது. ஒரு சட்டையைக் கழற்ற யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது. அவள் எனக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். நாளையிலிருந்து போகாதே. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதோடு சேர்ந்து மகளுக்குக் கட்டவேண்டிய கடைசி வருடப் பணமும் வந்தது, பங்குனி சித்திரையில் படுத்துக் கிடக்கும் எங்கள் மெஷினும் வந்தது.

"மொட்டை மாடியில தொட்டி வச்சு, நல்ல தண்ணி ஊத்தி, புதுசா வளக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவள் கடைசிப் பொத்தானைக் கழற்றினாள். "வளத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையை வாளியில் முக்கினாள்.

வளர்த்தேன். அரிந்து போட்ட சுவரோரத்துக் கொடியில் காய்ந்து ஒட்டியிருந்த பழத்தைத்தான் விதைத்தேன். புது மண், குழாயில் பிடித்த குடிதண்ணீர், நிழலுக்கு ஒரு பழைய சேலை. தொட்டி நிறைந்து விளிம்பு தாண்டி மாடித் தரை முழுக்கப் படர்ந்திருக்கிறது. இந்த மார்கழியில் பழமும் பழுத்தது. இலை சின்னதாக, வெளிர்ப்பச்சையாக, முசுமுசுக்கை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. காயவைத்து நெருப்பிலும் காட்டிப் பார்த்துவிட்டேன். புகை மட்டும்தான் வருகிறது. அந்த இலையில் ஒரு குற்றமும் இல்லை.

இன்று காலையும் பறித்து, ஆட்டி, தோசை சுட்டு வைத்தேன். அவள் இரண்டைத் தின்றாள். மூன்றாவதைப் பிய்க்கும்போது இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தாள், மறுபடி இருமினாள். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். அவள் பிய்த்து வைத்த தோசையை நான் சாப்பிட்டேன்.